இறங்காமலே சுத்தம் செய்கிற மிஷின்

மரக்காணம் குப்பம்
9.5.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

குழலி எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று என்னைப் போட்டுக் குடைகிறாள். நான் என்னவோ மஸ்கட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி! உடம்பைப் பார்த்துக்கொள்.

போன் போடலாம்தான். ஆனால் பூத்தில் நின்று பேசினால் குப்பம் முழுக்கக் காது வைத்துக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

உன் மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது. உப்பளத்தைத் தாண்டி ஈசிஆர் ரோட்டில் புது ரிசார்ட் திறந்திருக்கிறார்களே, அங்கே நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. குளத்தைச் சுத்தமாக வைக்கணும், கெஸ்ட் குளிக்கும்போது கரையில் உட்கார்ந்து காவல் காக்கணும். எனக்கும் அங்கேயே துணி துவைத்து மடிக்கிற வேலை. மேனேஜர் பக்தவச்சலம் சார் அவரைப் பார்த்ததுமே, "கடல்ல பொறந்து வளந்த ஆளு, உனக்கு இந்தத் தொட்டியெல்லாம் ஒரு தண்ணியாப்பா?" என்று சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். போன டிசம்பரில் சுனாமி அலை வந்து போட்டை உடைத்த நாளிலிருந்து வீட்டிலேயே கிடந்த மனுஷன். இந்த வேலையும் போனால் எங்களுக்கு வேறு போக்கு இல்லை.

காற்றடித்தால் உப்பளத்துப் பக்கமிருந்து மண், தோப்புப் பக்கமிருந்து சவுக்குச் சருகு. எல்லாம் குளத்தில்தான் வந்து விழுகிறது. சார் "இறங்கித் தேய்ப்பா" என்கிறார். இவர் சளி, காய்ச்சல் என்று ஏதோ சொல்லிக்கொண்டு மூங்கிலில் பிரஷ் கட்டிக் கரையிலிருந்தே தேய்க்கிறார். முதலாளி இப்போது தானாகவே சுத்தம் செய்கிற மிஷின் வாங்கலாமா என்று கேட்கிறாராம். "உன் மச்சான் மஸ்கட் ஓட்டல்ல இதே வேலதான, எது நல்லதுன்னு கேட்டுச் சொல்லு" என்றார் சார்.

எந்த மிஷினாக இருந்தாலும் சரி, ஆள் தண்ணீரில் இறங்காமலே போட்டு, இறங்காமலே எடுக்கிற மாதிரி இருக்கணும். இதை மட்டும் மறந்துவிடாதே.

உன் தங்கை,
பூங்குழலி

மஸ்கட்
30.5.2005

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மற்றபடி நான் நன்றாகத்தான் இருக்கிறேன், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

மாப்பிள்ளைக்காக மிஷின் விசாரிக்கிறாய் என்று படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே மிஷின் வந்த மாதமே எங்கள் ஆட்களில் இரண்டு பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தன் வேலையைப் பிடுங்குகிற சாமானைத் தானே விசாரித்து வாங்க வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்!

சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். மூன்று வகை இருக்கிறது. ஒன்று, குளத்து மோட்டாரோடு நீளமான குழாய் மாட்டி உறிஞ்சுகிற வகை. விலை குறைவு. ஆனால் உங்கள் சவுக்குச் சருகு இரண்டே நாளில் குழாயை அடைத்துவிடும். இரண்டாவது, தண்ணீரைப் பீய்ச்சி அந்த வேகத்தில் ஓடுகிற வகை. அதற்குத் தனி மோட்டார் வைக்கணும், கரண்ட் பில் முதலாளியைக் கடிக்கும். மூன்றாவது ரோபோ. தனக்கென்று மோட்டார், தனக்கென்று பை, ஒரே ஒரு கேபிள். தரையையும் தேய்க்கும், சுவரிலும் ஏறும். உப்பளத்துப் பொடி மண்ணுக்குச் சன்னமான பை உள்ளதாகப் பார்த்து வாங்கணும். குளத்தின் நீளத்தைவிடக் கேபிள் கூடவே இருக்கணும். என்னைக் கேட்டால் ரோபோதான்.

இறங்காமல் எடுக்கணும் என்று எழுதியிருக்கிறாய். அது எதற்கு? மாப்பிள்ளை ஒரு முங்கு முங்கினால் மிஷின் என்ன, மிஷின் கம்பெனியையே தூக்கிக்கொண்டு வருவாரே.

அன்புடன்,
தங்கராசு

மரக்காணம் குப்பம்
27.6.2005

அண்ணா,

எல்லோரும் சௌக்கியம். அம்மா உன் கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லி, பிறகு தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

சார் உறிஞ்சுகிற வகையே போதும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் ஒரு கூடை சவுக்குச் சருகை அள்ளிக்கொண்டு போய் அவர் மேஜை முன்னால் கொட்டி, "இது ஒரு நாளைக்கு விழுறது சார், எந்தக் கொழாய் தாங்கும்?" என்றேன். திட்டினார். ஆனால் ரோபோவுக்குத்தான் ஆர்டர் போட்டிருக்கிறார்.

ஒன்று கேட்கணும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆழத்தில் நின்றுபோனால் என்ன செய்வது? அப்போதும் இறங்காமல் எடுக்க வழி உண்டா? உடனே எழுது.

குழலி

மஸ்கட்
18.7.2005

அன்புத் தங்கச்சிக்கு,

நலம்தான். போன வாரம் ஒரு காய்ச்சல் வந்தது, போய்விட்டது. அம்மாவிடம் சொல்லாதே.

நின்றுபோனால் முதலில் கரண்டை நிறுத்தணும். பிறகு கேபிளை மெதுவாக இழுத்தால் மிஷின் கரை ஓரம் வரும். கேபிளைப் பிடித்தே மேலே தூக்கக் கூடாது, உள்ளே கம்பி அறுந்துவிடும். கைப்பிடியைப் பிடித்து, உள்ளே இருக்கிற தண்ணீர் வடிகிறவரை வைத்திருந்துதான் தூக்கணும்.

தண்ணீரில் முழுசாக மூழ்கின பிறகுதான் சுவிட்சைப் போடணும். வெறும் தரையில் ஓட்டினால் மோட்டார் போச்சு. ஒவ்வொரு தடவை ஓடி முடித்ததும் பையைக் கழற்றிக் கழுவணும். பை அடைத்தால் அழுக்கை வாங்கி அழுக்கையே கக்கும். வேலை முடிந்ததும் குளத்திலேயே விட்டுவைக்காமல் நிழலில் எடுத்து வைக்கணும். பிரஷ் தேய்ந்தால் மாற்றணும். கரண்ட் பெட்டி தண்ணீரிலிருந்து தள்ளியே இருக்கணும்.

இதையெல்லாம்விட முக்கியம் ஒன்று. மிஷின் தண்ணீரில் இருக்கும்போது ஒரு மனுஷன் காலைக்கூட நனைக்கக் கூடாது. போர்டு எழுதி மாட்டிவிடுங்கள்.

இறங்காமல், இறங்காமல் என்று இரண்டு கடிதத்திலும் எழுதிவிட்டாய். மாப்பிள்ளைக்கு உடம்புக்கு எதுவும் இல்லையே?

தங்கராசு

மரக்காணம் குப்பம்
10.9.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, திட்டாதே. அம்மா நன்றாக இருக்கிறாள். அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

மிஷின் வந்துவிட்டது அண்ணா! முதல் நாள் தண்ணீரில் விட்டதும் அது பாட்டுக்கு நடந்து போய்ச் சுவரில் ஏறியதே, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. சமையல்காரர், தோட்டக்காரர், வாட்ச்மேன் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சார் வந்து கத்திய பிறகுதான் கலைந்தார்கள். அது ஏறி முடித்ததும் பையைக் கழற்றினால், அம்மாடி, அரைப் பாத்தி உப்பளத்து மண் உள்ளே இருக்கிறது!

காலையில் மிஷின் ஓடுகிற நேரம் குளம் கெஸ்ட்டுக்கு மூடல். அவர் நீ சொன்னபடியே பை கழுவி, மிஷினை நிழலில் வைத்து, கேபிளை முழங்கையில் சுற்றி நடுவில் ஒரு கட்டுப் போட்டு ஆணியில் மாட்டுகிறார். எவ்வளவு அழகாகச் சுற்றுகிறார் தெரியுமா! சாரே பார்த்துப் பாராட்டினார்.

ஆனால் பத்து நாளாக மிஷின் ஒரே இடத்தில் முளையில் கட்டின மாடு மாதிரி சுற்றுகிறது. மூலைப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. மண் அங்கேயே சேர்ந்து பாசி பிடிக்கிறது. சார் நேற்று, "மிஷினும் வேல செய்யல, நீயும் எறங்க மாட்ற. பின்ன உனக்கு எதுக்கு சம்பளம்?" என்று கேட்டுவிட்டார். என்ன செய்ய, சொல்.

குழலி

மஸ்கட்
2.10.2005

தங்கச்சிக்கு,

நான் நலம். நீ எழுதியதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். வலைக் கயிறா அது, முழங்கையில் சுற்றிக் கட்டுப் போட? நம் குப்பத்து ஆள் கையில் எதைக் கொடுத்தாலும் வலைக் கயிறாக்கிவிடுவான்! சுற்றச் சுற்றக் கேபிளுக்குள் முறுக்கு ஏறும். தண்ணீரில் விட்டதும் அந்த முறுக்கு மிஷினைத் திருப்பிக்கொண்டே இருக்கும். முழுக் கேபிளையும் வெயிலில் நீட்டிப் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள், முறுக்கு போய்விடும். இனிமேல் பெரிய வளையமாகத் தரையில் படுக்கவைக்கணும், அவ்வளவுதான்.

இப்போது என் கேள்விக்குப் பதில் எழுது. சார் "நீயும் இறங்க மாட்டேன்கிறாய்" என்றாராமே, ஏன் இறங்கவில்லை? எதையோ மறைக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு மறைக்கத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்.

தங்கராசு

மரக்காணம் குப்பம்
4.12.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

கேபிள் சரியாகிவிட்டது. மிஷின் இப்போது மூலை முடுக்கெல்லாம் போகிறது. வேலையும் தப்பித்தது. உன் கேள்விக்கு மட்டும் இத்தனை நாளாகப் பதில் எழுத முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அவர் தம்பி அறிவழகன் அலையில் போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனான் என்று நான் எழுதவில்லை. இரண்டு பேரும் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அலை இரண்டு பேரையும் சேர்த்துத்தான் வாரியது. இவர் கையில் ஒரு சவுக்கு மரம் கிடைத்தது. தம்பி கொஞ்சம் தள்ளிப் போய்க்கொண்டே கையை நீட்டியிருக்கிறான். மரத்தை விட்டுவிட்டுப் போக இவருக்குக் கை வரவில்லை.

அதிலிருந்து அவரால் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை அண்ணா. கணுக்கால் நனைந்தாலே ஆள் விறைத்துக்கொள்கிறார். பக்கெட்டில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறார், அவ்வளவுதான். நம் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. போட் இல்லை, அதனால் கடலுக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாருக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. நான் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். ஆமாம், நான்தான்! நம் குப்பத்தில் எந்தப் பொம்பளை கடலில் முட்டிக்கு மேல் இறங்கியிருக்கிறாள்? மிஷின் ஓடும்போது குளம் மூடல், யாரும் வர மாட்டார்கள். என் இடுப்பில் கயிறு கட்டி இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு அவர் கரையில் நிற்பார். "கைய அகட்டு, தலைய உள்ள வுடு, பயப்படாத" என்று அங்கிருந்தே சொல்லிக்கொடுப்பார். எனக்குக் கீழே மிஷின் ஊர்ந்து போகும். முதல் வாரம் குடித்த தண்ணீரில் வயிறு வீங்கிவிட்டது. இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறேன். அவரால் முடியாதபோது நான் இருக்கணும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

குழலி

மஸ்கட்
22.12.2005

குழலி,

கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ரூமில் இருந்தவர்கள் வீட்டில் ஏதாவது நடந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

மிஷின் ஓடுகிற தண்ணீரில் நீ நீந்துகிறாயா? பைத்தியமா உனக்கு? ஒரு மனுஷன் கால் நனைக்கக் கூடாது என்று எழுதினேனே, அது உன் கண்ணில் படவில்லையா? கேபிளில் ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும்? மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பாரா? இன்றோடு நிறுத்து. நீந்தணும் என்றால் மிஷினை வெளியே எடுத்து வைத்துவிட்டு நீந்து.

மாப்பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவர் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார், குழலி. பெற்றவர்கள் அவரை நம்பித்தான் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். ஒரு குழந்தை விழுந்தால் யார் குதிப்பது? நீ துணி மடிக்கிற இடத்திலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வேறு வேலை கொடுப்பார். கொடுக்காவிட்டால் நான் பணம் அனுப்புகிறேன். ஜனவரிக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நானே அவருக்கு எழுதுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தங்கராசு

மஸ்கட்
5.2.2006

குழலி,

அம்மா எப்படி இருக்கிறாள்? நீ பதிலே போடவில்லை. பொங்கலுக்கும் ஒரு வரி இல்லை. கோபமாக இருக்கிறாய் என்று தெரியும்.

நேற்று மேனேஜர் பக்தவச்சலம் பெயருக்கு ரிசார்ட் விலாசத்தில் கடிதம் போட்டுவிட்டேன். என் மாப்பிள்ளை வேல்முருகனால் தண்ணீரில் இறங்க முடியாது, அவரை வைத்துக்கொண்டு குழந்தைகளைக் குளத்தில் விடாதீர்கள், வேறு வேலை கொடுங்கள் என்று எழுதினேன். தபால் பெட்டியில் போட்ட பிறகு இரண்டு தடவை அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்

மரக்காணம் குப்பம்
7.2.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபத்தில்தான் பதில் எழுதவில்லை. இப்போது கோபப்பட நேரமில்லை. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து வந்த குடும்பம். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குளத்தை ஒட்டின கொட்டகையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். (நீ திட்டின பிறகு துண்டு மடிக்கிற மேஜையை அங்கே மாற்றிக்கொண்டேன், சார் ஒன்றும் சொல்லவில்லை.) "குழலீ!" என்று ஒரு சத்தம். அந்த மாதிரிச் சத்தத்தை அவரிடம் நான் கேட்டதே இல்லை. ஓடிப் பார்த்தால் அவர் கரையில் கட்டை மாதிரி நிற்கிறார், கை மட்டும் ஆழத்துப் பக்கம் காட்டுகிறது. தண்ணீருக்குள் ஒரு மஞ்சள் கவுன்.

குதித்துவிட்டேன் அண்ணா. சேலை காலைச் சுற்றிக்கொண்டது. முடியைப் பிடித்துத்தான் தூக்க முடிந்தது. கரை ஓரம் வந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டித் தண்ணீரை வெளியே எடுத்தார். குழந்தை இருமி, பிறகு வீல் என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் எல்லோரும் ஓடி வந்தார்கள். நனைந்த சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அத்தனை ஆம்பளைகள் முன்னால் எப்படி நிற்க? மோட்டார் ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர்கள் பார்த்தது அவரையும், அவர் கையில் குழந்தையையும், அவர் நனைந்த சட்டையையும்தான். குழந்தையின் அம்மா அவர் காலில் விழுந்துவிட்டாள். சார், "எங்க ஆளு கடல்காரன் மேடம்" என்றார். நேற்று அவருக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்து, கண்ணாடி போட்டு ரிசப்ஷனில் மாட்டிவிட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமே! ஆனால் அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

நீ எதுவும் சாருக்கு எழுதிவிடாதே. உன் காலில் விழுகிறேன்.

குழலி

மஸ்கட்
20.2.2006

குழலி,

ஐயோ, நம் இரண்டு பேர் கடிதமும் வழியில் எதிரெதிராகப் போயிருக்கிறது. நான் சாருக்குப் போட்டது இந்நேரம் வந்திருக்கும். வரவில்லை என்றால் போஸ்ட்மேன் சுப்ராயனைப் பிடித்து, எப்படியாவது கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டுவிடு. பூத்துக்கு மூன்று தடவை போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. என் தங்கச்சி ஒரு பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறாள், அதைச் சொல்லிச் சந்தோஷப்படக்கூட முடியாமல் இங்கே கிடந்து தவிக்கிறேன்.

தங்கராசு

மரக்காணம் குப்பம்
19.3.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சௌக்கியம். நான் சௌக்கியம். அவரும் சௌக்கியம்தான், அதைத்தான் எழுதப் போகிறேன். உன் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, எங்களைக் கேட்காமல் எழுதினாயே என்று. ஆனால் நீ எழுதினது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் கடைசிக் கடிதம் எனக்கு வருவதற்கு முன்னாலேயே நீ சாருக்குப் போட்ட கடிதத்தைப் போஸ்ட்மேன் சுப்ராயன் அவரிடம் கொடுத்துவிட்டார். சார் எங்கள் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். கையில் உன் கடிதம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சார் முழுவதையும் சத்தமாகப் படித்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"இவன் எழுதியிருக்கிறது நெஜமா?"

"நெஜம் சார்."

"அப்ப கொழந்தைய எடுத்தது யாருய்யா?"

அவர் என்னைக் காட்டினார். "இவ சார்."

"பொம்பளையா?" என்று சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. குளத்தில் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தி வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "குதி" என்றார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தேன். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தேன். சார் அங்கே கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சொன்னார். "இது வெளிய போக வேணாம். மொதலாளிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இவன்தான்னு சொல்லியாச்சு. படம் மாட்டியாச்சு. அது அப்படியே இருக்கட்டும். பேரு இவனுது, காவல் நீ. கரையில ரெண்டு பேரும் உக்காருங்க. சம்பளம் ரெண்டு பேருக்கும் உண்டு."

வேலை தப்பித்ததே என்று எனக்குப் போன உயிர் வந்தது. தலையைத் துவட்டாமலே "சரிங்க சார், சரிங்க சார்" என்று கும்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம்.

ரிசப்ஷனுக்கு ஓடினோம். அவர் நாற்காலி போட்டு ஏறி, படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருக்கிறார். பெட்டி படுக்கையோடு வந்த கெஸ்ட் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "டேய், எறங்குடா! வேல வேணுமா வேணாமா?" என்று கத்தினார். நான் நாற்காலியில் நின்றவர் காலைப் பிடித்துக்கொண்டு, "வுட்டுடுய்யா, இருந்துட்டுப் போவட்டும்யா" என்று கெஞ்சினேன்.

அவர் இறங்கிப் படத்தை ரிசப்ஷன் மேஜை மேல் வைத்தார். கத்தவில்லை அண்ணா, மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்கு வேல வேணும் சார். ஆனா இது வேணாம். அன்னிக்கு எந்தம்பி அறிவழகன் கைய நீட்டினான், நான் போவல. இந்தக் கொழந்த முழுகும்போதும் நான் போவல. போனவ இவ. காப்பாத்தினவன்னு எம்மூஞ்சிய எப்பிடி சார் மாட்டி வெப்பீங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நீ கூப்பிட்டதாலதான்யா நான் வந்தேன். இல்லன்னா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவரைப் பார்த்துக் கத்தினேன்.

கெஸ்ட் அத்தனை பேரும் கேட்டாகிவிட்டது, இனி எங்கே மறைக்க? சார் படத்தை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். மறுநாளிலிருந்து காவல் வேலை என் பெயரில் என்றும், மிஷின் அவர் பொறுப்பு என்றும் சொன்னார். சேலையோடு நாற்காலியில் உட்காரக் கூடாதாம், பேன்ட் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். குப்பத்தில் என்ன பேசப் போகிறார்களோ! அம்மாவிடம் நீதான் எழுதிப் பக்குவமாகச் சொல்லணும்.

அதெல்லாம் இருக்கட்டும் அண்ணா. அலை வந்த பிறகு தம்பி பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. கருமாதி அன்றைக்குக்கூட அவர் சொல்லவில்லை; நடந்ததை என்னிடம் சொன்னபோதும் 'அவன்' என்றுதான் சொன்னார். அன்றைக்கு ரிசப்ஷனில் முன்பின் தெரியாத அத்தனை பேர் முன்னால் நின்று சொன்னார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் இன்னொரு தடவை சொன்னார். பிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

உன் தங்கை,
பூங்குழலி